எந்தப் பள்ளி இந்தப் பிள்ளைக்கு?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ஆண்டுதோறும் இம்மேடையில் கல்வியைப் பற்றி ஒருவர் பேசுவது நம் ஜமாஅத்தின் வழக்கம். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை அழைத்துப் பரிசளிக்கிறோம். அது நல்ல காரியமே. ஆனால் இம்மேடைக்கு எந்த ஆண்டும் அழைக்கப்படாத பிள்ளைகளும் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு வகையினரைப் பற்றி, குறிப்பாக ஆட்டிசம் உள்ள, பதின்மூன்று பதினான்கு வயதை எட்டிவிட்ட பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, இன்று பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள்.

பிள்ளை சிறுவனாக இருக்கும்வரை எப்படியோ காலம் ஓடிவிடுகிறது. எட்டாம் வகுப்பு முடியும்போதுதான் பெற்றோரின் தூக்கம் கெடுகிறது. "ஒன்பதாம் வகுப்புக்கு வேறு இடம் பாருங்கள்" என்று பள்ளியில் சொல்லிவிடுகிறார்கள். வளைகுடாவிலிருந்து தொலைபேசியில் பேசும் தந்தை, "சென்னையில் விடுதியுள்ள பள்ளி ஏதாவது பார்" என்கிறார். உறவினர் ஒருவர், "நல்ல ஞாபகசக்தி இருக்கிறதே, ஹிஃப்ழு மதரஸாவில் சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும்" என்கிறார். வீட்டுப் பெரியவர்கள், "படித்து என்ன ஆகப்போகிறது, வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறார்கள். இந்த நான்கு குரல்களுக்கும் நடுவில் அந்தத் தாய் ஜூன் மாதத்திற்குள் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவை எப்படி எடுப்பது என்பதே இன்றைய பேச்சு.

ஆட்டிசம் என்பது என்ன?

முதலில் இது என்னவென்று சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் வாயிலாகவே ஆட்டிசம் மருத்துவ உலகில் தனியாக அறியப்பட்டது. நம் மாநில அரசின் ஆவணங்களில் இதனைப் புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று எழுதுகிறார்கள். சிலர் மன இறுக்கம் என்கிறார்கள். இது மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகுவதில் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், வழக்கம் மாறினால் கலக்கம், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். சிலர் சரளமாகப் பேசுவர், சிலர் பேசவே மாட்டார். சிலருக்கு அறிவுவளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருக்கும், பலருக்கு இராது. உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் இந்நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடாகக் கூறுகிறது. அப்படியானால் ஆயிரம் குடும்பங்கள் உள்ள ஒரு ஜமாஅத்தில் இத்தகையோர் பலர் இருக்க வேண்டும். நம் கண்ணில் அவர்கள் படவில்லையென்றால் அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்பதே பொருள்.

இது ஜின்னின் வேலையன்று. கண்ணேறு அன்று. தாயின் பாவமோ, அவர் கர்ப்பகாலத்தில் செய்த குற்றமோ அன்று. தடுப்பூசியாலும் வருவதில்லை. அவ்வாறு கூறி 1998-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையை அதனை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. தாயத்துக்கும் தட்டுக்கும் செலவிடும் பணத்தையும், அதைவிட விலைமதிப்புள்ள ஆண்டுகளையும் பிள்ளையின் பயிற்சிக்குச் செலவிடுங்கள். துஆ செய்வதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் துஆ முயற்சிக்குத் துணையேயன்றி, முயற்சியைக் கைவிடுவதற்கான அனுமதியன்று.

நமக்குப் பக்கத்து மாவட்டத்தில் நடந்ததை மறந்துவிட வேண்டாம். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்கள் மனநோயாளிகள் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள். ஆட்டிசம் மனநோயன்று என்பது உண்மைதான். ஆனாலும், வீட்டாருக்கு வேறு வழி காட்ட ஊரில் எவருமில்லாதபோது மனிதர்கள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்பதற்கு அந்த நாள் சாட்சி. பதினான்கு வயதில் சரியான பள்ளியைத் தேடுவது, நாற்பது வயதில் அத்தகைய இடங்களுக்கு நம் பிள்ளை போகாமல் இருப்பதற்காகவும்தான்.

சட்டம் தரும் உரிமை

"பதினான்கு வயதோடு கட்டாயக் கல்வி முடிந்துவிட்டது, இனி நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை" என்று யாரேனும் சொன்னால், அது பாதி உண்மை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும் உரியது. ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கு மேலும் செல்கிறது. முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே சொல்லப்பட்டிருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. புதிய சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. அவற்றுள் ஆட்டிசமும் ஒன்று. அதன் 31-ஆம் பிரிவின்படி, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளதாகச் சான்றளிக்கப்பட்ட பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அது அருகிலுள்ள பொதுப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் பிள்ளையின் பக்கமே இருக்கிறது. அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 16-ஆம் பிரிவு வலியுறுத்துகிறது. மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

இவை அனைத்திற்கும் திறவுகோல் அந்தச் சான்றிதழ். அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு, இந்தியாவுக்கென உருவாக்கப்பட்ட மதிப்பீட்டு அளவுகோலைக் கொண்டு பிள்ளையைப் பரிசோதித்து விழுக்காட்டைக் குறிக்கும். அதன்மேல் தனித்துவ அடையாள அட்டை வழங்கப்படுகிறது. நம்மில் பலர் இச்சான்றிதழை வாங்கத் தயங்குகிறார்கள். "இதை வாங்கிவிட்டால் பெண்பிள்ளையின் நிக்காஹ் பேச்சு தடைபடும்" என்ற அச்சமே காரணம். அருமைச் சகோதரர்களே! தம்பிக்கு ஆட்டிசம் என்பதற்காக அக்காளை வேண்டாமென்று சொல்லும் மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் வெட்கம் வரவேண்டும். அந்த அச்சத்தை உண்டாக்கியது இந்த ஊர். அதை நீக்க வேண்டியதும் இந்த ஊர்தான்.

ஐந்து வழிகள்

இனி நம் மாவட்டத்தில் வாழும் ஒரு குடும்பத்திற்கு என்னென்ன வழிகள் உள்ளன என்று பார்ப்போம்.

முதலாவது, வீட்டருகேயுள்ள அரசுப் பள்ளி அல்லது அரசு உதவிபெறும் பள்ளி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஒன்றியந்தோறும் வட்டார வள மையம் இயங்குகிறது. நம் மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். அம்மையங்களின் வழியே சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளுக்குப் பயிற்சியளிக்கிறார்கள். இத்திட்டம் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் உரியது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது. இவற்றைத் தேர்வு நெருங்கும்போது கேட்டால் கிடைப்பது கடினம். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியர் வழியாக மருத்துவச் சான்றுடன் விண்ணப்பிக்க வேண்டும்.

இவ்வழியின் பெரிய நன்மை, பிள்ளை ஊர்ப்பிள்ளைகளோடு வளர்கிறான் என்பது. நாளை கடைத்தெருவில் அவன் தடுமாறி நின்றால், "இவன் நம் வகுப்பில் படித்தவன்" என்று கைபிடித்து வீட்டில் விட நாலு பேர் இருப்பார்கள். பெரிய குறை, கூட்டமும் இரைச்சலும் கேலியும். சிறப்புப் பயிற்றுநர் நாள்தோறும் வருவதில்லை. ஆகவே பேச்சு ஓரளவு வந்துவிட்ட, தன் தேவையைச் சொல்லத் தெரிந்த, கழிப்பறைப் பழக்கம் கைவந்த பிள்ளைக்கே இது பெரும்பாலும் பொருந்தும். பள்ளியைப் பார்க்கப் போகும்போது தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்காதீர்கள். "இவன் கலங்கி அழுதால் பத்து நிமிடம் அமைதியாக உட்கார ஓர் இடம் உண்டா? கேலி செய்யும் மாணவரை யார் கண்டிப்பார்? கழிப்பறை எங்கே?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, சிறப்புப் பள்ளி. ஆசிரியர்கள் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். வகுப்பில் பிள்ளைகள் குறைவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் வகுக்கிறார்கள். உடுத்துவது, உண்பது, காசு எண்ணுவது, சாலையைக் கடப்பது எல்லாம் அங்கே பாடம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்திய அரசின் தேசிய நிறுவனம், ஆட்டிசம் உள்ளிட்ட பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மதிப்பீட்டையும் சிகிச்சைகளையும் சிறப்புக் கல்வியையும் அளிக்கிறது. ஒருமுறையேனும் அத்தகைய இடத்திற்கு அழைத்துச் சென்று முழு மதிப்பீடு செய்துகொண்டு வந்தால், ஊரிலேயே எதைக் கற்பிப்பது என்ற தெளிவு பிறக்கும். திருச்சியிலும் சிறப்புப் பள்ளிகளும் மறுவாழ்வியல் கற்பிக்கும் கல்லூரியும் உண்டு.

இவ்வழியின் இடர்ப்பாடு தொலைவு. கடற்கரை ஊர்களிலிருந்து நாள்தோறும் திருச்சி சென்று வருவது இயலாத காரியம். உடனே விடுதியைப் பற்றி எண்ணுகிறோம். விடுதியில் சேர்க்கும் முன் நன்கு சிந்தியுங்கள். தனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளையை இரவில் யார் பார்த்துக்கொள்கிறார்? முன்னறிவிப்பின்றி எந்த நாளும் வந்து பார்க்கப் பெற்றோருக்கு அனுமதியுண்டா? பிள்ளையைக் கட்டிப்போடுவதும் அறையில் பூட்டுவதும் அங்கே நடப்பதுண்டா? இக்கேள்விகளுக்கு நேரான பதில் கிடைக்காத விடுதி, எவ்வளவு புகழ்பெற்றதாயினும் வேண்டாம்.

மூன்றாவது, திறந்தநிலைப் பள்ளி. 1989-இல் தொடங்கப்பட்டு, இன்று தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என வழங்கும் மத்திய அரசின் அமைப்பு இது. 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் சேரலாம். மொழி ஒன்று உட்பட ஐந்து பாடங்கள் போதும். ஓவியம், மனையியல் போன்ற பாடங்களையும் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது முறை வரை தேர்வெழுதும் வாய்ப்பு உண்டு; ஒரு முறைக்கு ஒரு பாடமாக எழுதி முடிக்கலாம். பத்தாம் வகுப்பு இயலாதவர்க்கு 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு நிகரான அடிப்படைக் கல்வியும் அங்குண்டு. படிப்பில் திறமையிருந்தும் எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத இயலாத பிள்ளைக்கு இது நல்ல வழி. ஆனால் பெயர் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் எதுவும் நடவாது. யாராவது ஒருவர் நாள்தோறும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாயாகவே இருக்கிறார். அவருக்கும் உடம்பு உண்டு, ஓய்வு வேண்டும் என்பதை வீட்டார் மறந்துவிடலாகாது. மேலும், இவ்வழியில் பிள்ளை மனிதர்களைக் காணாமல் போய்விடும் அபாயம் உண்டு. எனவே படிப்பு வீட்டில் என்றால், மாலையில் ஓரிடத்திற்கேனும் அவன் போய்வர வேண்டும்.

நான்காவது, வீட்டுவழிக் கல்வி. கடுமையான குறைபாடும் பலவகைக் குறைபாடும் உள்ள பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வுரிமையை அளிக்கிறது. சிறப்புப் பயிற்றுநர் வீட்டிற்கே வந்து பயிற்சியளிப்பார். பள்ளிக்குச் செல்லவே இயலாத பிள்ளைக்கு இது பேருதவி. ஆனால் பள்ளிக்கு நடந்து செல்லக்கூடிய பிள்ளையைத் தொல்லையில்லை என்று வீட்டில் இருத்துவதற்கு இதனைப் பயன்படுத்தக் கூடாது. "வீட்டுவழிக் கல்வி போதும்" என்று பள்ளியே முந்திக்கொண்டு சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

ஐந்தாவது, தொழிற்பயிற்சி. எழுத்துப் படிப்பு ஓரளவுக்கு மேல் செல்லாது என்று தெரிந்துவிட்டால், பதினைந்து வயதிலிருந்தே கைத்தொழிலின் பக்கம் திருப்புவது தோல்வியன்று. ஒரே வேலையைப் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்வது நமக்குச் சலிப்பு. இப்பிள்ளைகள் பலருக்கு அது அமைதி. கீரமங்கலத்தில் பூக்கட்டுவதும், ஆதனக்கோட்டையில் முந்திரிப்பருப்பைத் தரம் பிரிப்பதும், ஜெகதாப்பட்டினத்தில் வலை பின்னுவதும், எந்த ஊரிலும் மளிகைக் கடையில் பொட்டலங்களை வரிசைப்படுத்துவதும் அத்தகைய வேலைகளே. கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஒரு பிள்ளைக்கு இடம் கொடுத்துப் பாருங்கள். கூலிக்காக அன்று, பழக்கத்திற்காக.

மதரஸாவைப் பற்றி

ஒரு வழியை வேண்டுமென்றே கடைசியாக வைத்தேன். மதரஸாவில் ஓதி, மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் இதனைச் சொல்வது என் கடமை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் ஆற்றல் மிகுதி. தொலைக்காட்சி விளம்பரத்தை ஒரு சொல் மாறாமல் ஒப்பிக்கிறான். இமாம் ஓதும் சூராவை ராகம் பிசகாமல் ஓதுகிறான். இதைக் கண்ட குடும்பத்தார், "இவன் ஹாஃபிழ் ஆகிவிடுவான், ஒழுக்கமும் வந்துவிடும்" என்று வெளியூர் விடுதி மதரஸாவில் சேர்க்க எண்ணுகிறார்கள். அந்த ஆசையை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அங்குள்ள நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரே கூடத்தில் அறுபது பிள்ளைகள் உரக்க ஓதும் ஒலி. விடியற்காலையில் எழுப்பும் வழக்கம். ஒருவரே பலருக்கு உஸ்தாத். அவருக்கு இப்பிள்ளைகளைப் பற்றிய பயிற்சியில்லை. காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளையை அடம்பிடிக்கிறான் என்று எண்ணி அடித்துவிட்டால், நோவு உடம்போடு நிற்காது. ஓதுவதையே அவன் அஞ்சத் தொடங்குவான்.

மார்க்கச் சட்டத்தில் கடமை சுமத்தப்படுவதற்கு அறிவும் பருவமும் நிபந்தனைகள். கடமையின் அளவு சக்தியின் அளவே. குர்ஆன் முழுவதையும் மனனம் செய்வது ஒவ்வொருவர் மீதும் கடமையன்று. ஆனால் ஒரு பிள்ளையைத் துன்பத்திலிருந்து காப்பது பெற்றோர் மீது கடமை. இவ்வகைப் பிள்ளை ஓத வேண்டுமாயின், நம் மக்தபிலேயே மற்றப் பிள்ளைகள் சென்றபின், தனியாக, அரை மணி நேரம் ஓதட்டும். ஒளூச் செய்யும் முறையைப் படங்களாக வரைந்து குழாயருகே ஒட்டிவைத்தால் ஐந்தாறு நாளில் வரிசை பிசகாமல் செய்வான். படத்தைப் பார்த்துக் கற்பது இவர்கள் பலருக்கு எளிது.

இதோடு பருவம் எய்தும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உடம்பில் ஏற்படும் மாற்றங்கள் இப்பிள்ளைகளுக்குப் பெரும் குழப்பம். தூய்மை, உடையொழுக்கம், எங்கே ஆடை மாற்றலாம் எங்கே கூடாது, யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்பதை ஆண்பிள்ளைக்குத் தந்தையும் பெண்பிள்ளைக்குத் தாயும் படங்களின் துணையோடு பலமுறை சொல்லித்தர வேண்டும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் பிள்ளை ஆபத்தில் விழும். எந்தப் பள்ளியைத் தேர்ந்தாலும் இந்தப் பாடம் அங்கே உண்டா என்று கேட்டறியுங்கள்.

முடிவெடுக்கும் முறை

வழிகள் தெரிந்துவிட்டன. தேர்ந்தெடுப்பது எப்படி? முதலில், பிள்ளைக்கு 21 வயதாகும்போது அவன் எவற்றையெல்லாம் தானே செய்ய வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். தானே குளிப்பது, பசி, வலி என்று சொல்வது அல்லது படத்தைக் காட்டித் தெரிவிப்பது, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கிவருவது, பேருந்தில் தனியாகச் செல்வது என்று எழுதிவாருங்கள். பிறகு ஒவ்வொரு பள்ளியிலும் இவற்றுள் எவை கற்றுத்தரப்படும் என்று கேளுங்கள். எந்தப் பள்ளி இதில் கூடுதலாகத் தருகிறதோ அதுவே அப்பிள்ளைக்குப் பெரிய பள்ளி.

நம் புதுக்கோட்டைக்கு இது புதிய செய்தியன்று. 1991-இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் காலத்தில், எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். கையெழுத்துப் போடத் தெரிவதோடு, தானே ஓரிடத்திற்குப் போய்வரத் தெரிவதும் கல்வியே என்று உலகிற்குக் காட்டிய மாவட்டம் இது. அந்த அளவுகோலைத்தான் இப்பிள்ளைகளுக்கும் வைக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது, பிள்ளையிடமே கேளுங்கள். பேச வராத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? அவனை அழைத்துச் சென்று பள்ளியைக் காட்டுங்கள். அரை நாள் உட்கார வையுங்கள். சேர்த்தபின் மூன்று மாதம் கவனியுங்கள். இரவில் உறங்குகிறானா, சாப்பிடுகிறானா, காலையில் சீருடையைக் கண்டதும் ஒளிகிறானா, தன்னையே கடித்துக்கொள்கிறானா என்று பாருங்கள். நடத்தைதான் அவனுடைய மொழி. பொருந்தவில்லையென்றால் பள்ளியை மாற்றுவதில் வெட்கமில்லை.

மூன்றாவது, கட்டடத்தையல்ல, ஆசிரியரைத் தேடுங்கள். அமெரிக்காவில் 1947-இல் பிறந்த டெம்பிள் கிராண்டின் என்ற பெண்மணிக்கு ஆட்டிசம். மூன்றரை வயதுக்குமேல்தான் பேச்சு வந்தது. 14 வயதில், கேலி செய்த மாணவிமீது புத்தகத்தை எறிந்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்துச் சேர்ந்த சிறு உறைவிடப் பள்ளியில் வில்லியம் கார்லாக் என்ற அறிவியல் ஆசிரியர், அந்தப் பெண்ணின் விடாப்பிடியான ஆர்வத்தைத் தடுக்காமல் அறிவியலின் பக்கம் திருப்பிவிட்டார். கால்நடைகள் எதைக் கண்டு மிரளுகின்றன என்பதைக் கண்டறிந்து, அவற்றைத் துன்புறுத்தாமல் நடத்திச் செல்லும் பாதைகளை வடிவமைத்து, பிற்காலத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்தவர் அவர். எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு ஆவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆசிரியர் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்காகச் சொன்னேன்.

ஊரின் கடமை

இறுதியாக ஜமாஅத்தாருக்கு. கேனர் ஆராய்ந்த பதினொரு குழந்தைகளில் முதலாமவர் டொனால்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933-இல் பிறந்தவர். சிறுவயதில் மருத்துவர்களின் சொற்படி அவரை ஒரு காப்பகத்தில் விட்ட பெற்றோர், ஏறத்தாழ ஓராண்டில் மனம் பொறுக்காமல் திரும்ப அழைத்துவந்தார்கள். பின்னர் சில ஆண்டுகள் அருகிலிருந்த விவசாயக் குடும்பம் ஒன்றில் தங்கினார்.  எதையும் அளக்கத் துடித்த சிறுவனிடம் அந்த விவசாயி கிணற்றின் ஆழத்தை அளக்கும் பொறுப்பைக் கொடுத்தார். சோளப் பயிரின் வரிசைகளை ஓயாமல் எண்ணியவனிடம், உழுதுகொண்டே எண்ணு என்றார். பிறகு அவர் ஊரின் பொதுப் பள்ளியிலேயே படித்தார். 1958-இல் கல்லூரிப் பட்டம் பெற்றார். ஊர் வங்கியில் பல்லாண்டுகள் பணியாற்றினார். 27 வயதில் கார் ஓட்டக் கற்றார். 2023-இல் 89-ஆம் வயதில் இறந்தார். குடும்பத்தில் செல்வம் இருந்தது உண்மை. ஆனால் செல்வத்தால் மட்டும் அது நடக்கவில்லை. "இவர் நம்மவர், இவர் இப்படித்தான்" என்று ஏற்றுக்கொண்ட ஓர் ஊர் அவருக்குப் பின்னால் இருந்தது.

நம் ஊரிலும் முன்னோடி உண்டு. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, "பெண்ணைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகளின் படிப்பு கெடும்" என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவரைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தார். அந்தப் பெண் 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னாளில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். இன்று, "இந்தப் பிள்ளையை வகுப்பில் வைத்தால் எங்கள் பிள்ளைகளின் படிப்பு கெடும்" என்று சொல்லும் பெற்றோர் நம்மிலும் இருக்கிறார்கள். அன்று எதிர்த்தவர்களை இன்று எவரும் நினைவுகூர்வதில்லை.

நபிகள் நாயகம் அவர்களின் காலத்தில் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் அவர்களைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். அவரைப் பொருட்படுத்தாமல் திரும்பியது குறித்து ஒரு சூராவே இறங்கியது. அவர் பாங்கு சொல்லும் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். நபியவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. குறையுடையவருக்கு இரக்கம் காட்டுவதோடு நிற்காமல் பொறுப்பும் கொடுப்பதே நமக்குக் காட்டப்பட்ட வழி.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, மருத்துவச் சான்றிதழும் அடையாள அட்டையும் பெறும் வேலைக்கு, விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்களைப் பொறுப்பாக்குங்கள். தந்தை வெளிநாட்டில் இருக்க, தாய் தனியே அலுவலகம் அலுவலகமாக அலைவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. இரண்டு, சிறப்புப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளை அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஒரே வேனில் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். தகுதியுள்ள ஏழைக் குடும்பத்திற்கு ஜகாத் நிதியிலிருந்தும் உதவலாம். மூன்று, மக்தபில் தனி நேரம் ஒதுக்க அனுமதியுங்கள். அந்த அரை மணி நேரம் என் பொறுப்பு. நான்கு, இப்பிள்ளைகள் தந்தையோடு தொழ வந்தால் ஸஃப்பின் ஓரத்தில், ஒலிபெருக்கிக்குத் தள்ளி இடம் கொடுங்கள். சப்தமிட்டால் திரும்பி முறைக்காதீர்கள். ஐந்து, 18 வயது நிறைந்தபின் சட்டப்படி பாதுகாவலர் நியமனம் வேண்டியிருக்கும் பிள்ளைகளுக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். சொத்தும் வாரிசும் உள்ள குடும்பங்கள் இதனைப் பிற்போட வேண்டாம். "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?" என்ற பெற்றோரின் கேள்விக்கு உறவினர்களின் வாய்மொழி உறுதி போதாது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அமானத்தைக் குறித்துக் கேட்கப்படும்போது, அவன் எத்தனை மதிப்பெண் பெற்றான் என்பது கேள்வியாக இராது. அவனை எப்படி வைத்திருந்தீர்கள் என்பதே கேள்வியாக இருக்கும். அதே கேள்வி இந்த ஜமாஅத்திடமும் கேட்கப்படும். ஜூன் மாதம் நெருங்குகிறது. முடிவெடுக்க வேண்டிய குடும்பங்கள் அஸர் தொழுகைக்குப் பின் எந்நாளும் என்னை வந்து பார்க்கலாம். சேர்ந்தே போய்ப் பள்ளிகளைப் பார்ப்போம்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், அவர்களைப் பேணும் பொறுமையை நமக்கும் இறைவன் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.